தேய்மானமும் பிடிமானமும்: எப்பருவ ரயரின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மனிதனின் அன்றாட வாழ்வில் இடையறாது பயன்படும் பொருள்களே வரலாற்றாசிரியரின் கவனத்தை மிகக் குறைவாகப் பெற்றுள்ளன எனலாம். அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் ஏட்டிலே இடம்பெற, அவற்றையெல்லாம் தாங்கி உருண்ட சக்கரம் ஏட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. ஆயினும் ஒரு சமுதாயத்தின் உற்பத்தி முறையையும், அறிவு வளர்ச்சியையும், வாங்குவோனுக்கும் விற்போனுக்கும் இடையிலான உறவையும் அறிந்துகொள்வதற்கு இத்தகைய சாதாரணப் பொருள்களே சிறந்த சான்றுகளாகின்றன. மோட்டார் வண்டியின் ரயர் அவ்வாறானதொரு பொருள். அதிலும், வெயில், மழை, பனி என்னும் யாவற்றுக்கும் பொருந்துவதாகக் கூறப்படும் எப்பருவ ரயரின் வரலாறு, இருபதாம் நூற்றாண்டுக் கைத்தொழில் நாகரிகத்தின் ஓர் உண்மையைச் சிறப்பாகப் புலப்படுத்துகின்றது.

ஓடும் காரொன்று தரையைத் தொடுவது நான்கே இடங்களிலாகும். அவ்விடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கையகலமே கொண்டது. வண்டியை விரைவுபடுத்தும் விசையும், நிறுத்தும் விசையும், வளைவிலே திருப்பும் விசையும் இந்நான்கு கையகலப் பரப்புக்களினூடாகவே செல்லவேண்டும். எனவே அப்பரப்பு தரையை இறுகப் பற்றவேண்டும். அதேவேளை விரைவிற் தேய்ந்துபோகாதிருக்கவும் வேண்டும். மேலும், உருளும்போது எரிபொருளை வீணாக்காதிருக்கவும் வேண்டும். பிடிமானம், ஆயுள், உருளல் தடையின்மை என்னும் இம்மூன்றும் ஒன்றையொன்று இழுப்பன. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகின்றது. எப்பருவ ரயரோ இவற்றுடன் குளிரையும் மழையையும் வெயிலையும் ஒருங்கே தாங்கும் கடமையையும் ஏற்றுக்கொண்டது. இம்முரண்பாடுகளுக்கிடையே காலத்துக்குக் காலம் எத்தகைய சமரசங்கள் எட்டப்பட்டன, அச்சமரசங்களின் தராதரத்தை அளந்து கூறும் உரிமை யாரிடம் இருந்தது என்பனவே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும்.

தொடக்க காலம்

இயற்கை இறப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். இவ்வியல்பு நீங்காதவரை அதனாற் சக்கரம் செய்தல் இயலாது. 1839 இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் இறப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கும் வல்கனைசுப்படுத்தல் முறையைக் கண்டறிந்தார். இறப்பரின் பருவ மாற்றத்தை வெல்வதற்கு மனிதன் எடுத்த முயற்சிகளுள் இது முக்கியமானதாகும். அவ்வகையில், எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற இறப்பர் என்னும் எண்ணம் ரயர் தோன்றுவதற்கு முன்னரே தோன்றிவிட்டது எனக் கூறுதல் பொருந்தும்.

1845 இல் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ரொபேட் வில்லியம் தொம்சன் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இறப்பர் பூசிய துணிக்குழாயின்மீது தோலுறை போர்த்திய அச்சக்கரம் குதிரை வண்டிகளிற் பொருத்தப்பட்டது. ஒரு தொகுதி 1200 மைல் ஓடியதாகக் கூறப்படுகின்றது. எனினும் அதற்கு ஏற்ற வாகனம் அக்காலத்தில் இருக்கவில்லை. சமுதாயத் தேவை முதிராத வேளையிற் பிறந்த கண்டுபிடிப்பு மறக்கப்படுதல் இயல்பே. 1888 இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் போய்ட் டன்லொப் அதே எண்ணத்தைத் தாமாகவே மீண்டும் கண்டறிந்தபோது, துவிச்சக்கர வண்டி ஐரோப்பாவெங்கும் பரவத் தொடங்கியிருந்தது. இதனால் அவரது முயற்சி வென்றது. 1895 இல் நடைபெற்ற பாரிஸ் - போர்தோ - பாரிஸ் ஓட்டப் போட்டியில் மிச்சலின் சகோதரர் காற்றடைத்த ரயர் பூண்ட காரை ஓட்டிச் சென்றனர். வழிநெடுகக் காற்றுப் போயினும், காருக்கும் இத்தகைய ரயர் ஏற்றதே என்பது அதனால் நிறுவப்பட்டது.

இக்காலப்பகுதியில் ரயரைப் பற்றிக் கேட்கப்பட்ட வினா ஒன்றேயாகும்: அது ஓடுமா, ஓடாதா? எத்தனை மைல் ஓடும், எவ்வளவு பற்றும் என்ற வினாக்கள் பின்னரே எழுந்தன.

சால்களும் கரியும்

முதல் ரயர்களின் வெளிப்பட்டை வழுவழுப்பானது. தூசி படிந்த மண் வீதியில் இது பெருங்குறையாகத் தோன்றவில்லை. நகரங்களிற் செப்பனிடப்பட்ட வீதிகள் பெருகி, மழையில் அவை வழுக்கத் தொடங்கியபோதே வெளிப்பட்டையிற் சால்களின் தேவை உணரப்பட்டது. 1904 இல் ஜேர்மனியின் கொன்ரினென்ரல் நிறுவனம் கோலமிட்ட வெளிப்பட்டையுடைய கார் ரயரை வெளியிட்டது. 1908 இல் பயர்ஸ்ரோன் நிறுவனம், வழுக்காது என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களையே வெளிப்பட்டையிற் புடைப்பெழுத்துக்களாகப் பொறித்து விற்றது. அவ்வெழுத்துக்களின் விளிம்புகளே தரையைப் பற்றின. விளம்பரமும் பொறியியலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட இந்நிகழ்ச்சி, பிற்கால ரயர் வாணிபத்தின் போக்கினை முன்னரே சுட்டிநின்றது எனலாம்.

ஆயுளைப் பொறுத்தவரை பெருமாற்றம் விளைவித்தது கரியே. தொடக்கத்தில் நாக ஒட்சைட்டுக் கலந்த ரயர்கள் வெண்மை சார்ந்த நிறத்தன. 1904 இல் இலண்டனைச் சார்ந்த சில்வர்ரவுன் தொழிற்சாலையில், நுண்ணிய காபன் கரியைச் சேர்த்தால் இறப்பர் பெருமளவு உறுதியடைகின்றது எனக் கண்டறியப்பட்டது. 1912 அளவில் அமெரிக்காவின் குட்றிச் நிறுவனம் இதனை ரயரிற் பயன்படுத்தத் தொடங்கியது. வெளிப்பட்டையின் ஆயுள் பன்மடங்காயிற்று. இன்று ரயரின் நிறம் கருமை என்பதை எவரும் வினவுவதில்லை. ஆனால் அக்கருமை தேய்மானத்துக்கு எதிரான நெடும் போராட்டத்தின் அடையாளமாகும்.

வெளிப்பட்டையைக் குறுக்கே மெல்லிய கீறல்களாக வெட்டிப் பிடிமானத்தைக் கூட்டும் முறைக்கு ஜோன் சைப் என்பவர் 1923 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இக்கீறல்கள் ஈரத்திலும் பனியிலும் எண்ணற்ற சிறு விளிம்புகளைத் தந்து தரையைப் பற்ற உதவுகின்றன. ஆயினும் கீறல் மிகுந்த பட்டை நெகிழ்வுறும். நெகிழ்ந்த பட்டை தரையில் அசைந்து தேயும். பிடிமானத்துக்கும் ஆயுளுக்கும் இடையிலான முரண்பாடு இங்கே தெளிவாகத் தலைகாட்டுகின்றது. பனிநாடான பின்லாந்திலோ வேறு வழி தேடப்பட்டது. 1934 இல் அந்நாட்டு இறப்பர்த் தொழிற்சாலையொன்று பனிக்கென்றே தனி ரயரைச் செய்தது. 1936 இல் அதனைப் பின்பற்றிக் காருக்கான பனி ரயரும் வெளிவந்தது. குளிர்காலத்துக்கு ஒன்று, ஏனைய காலத்துக்கு ஒன்று என்னும் இரட்டை முறைக்கு இது வழிவகுத்தது.

போரும் இறப்பரும்

1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற ஏறக்குறைய 70,000 இறப்பர் வித்துக்கள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவிடப்பட்டன. முளைத்தவற்றுள் 1,900 க்கு மேற்பட்ட நாற்றுக்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. ஆசியத் தோட்ட இறப்பரின் வரலாறு பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றது. எனவே உலக ரயர்க் கைத்தொழிலின் வரலாறு இந்நாட்டு மண்ணோடு தொடர்பற்றதன்று.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமாயின. உலகின் இயற்கை இறப்பரிற் பத்தில் ஒன்பது பங்கு நேசநாடுகளின் கையைவிட்டுப் போயிற்று. எஞ்சியவற்றுள் முதன்மையானது இலங்கை. இங்கே மரங்களின் எதிர்காலத்தைக் கருதாது, பால் வற்றும்வரை சீவியெடுக்கும் முறை கையாளப்பட்டது. அம்மரங்களைச் சீவிய கைகளுள் இந்திய வம்சாவளித் தமிழ்த் தொழிலாளரின் கைகளும் பலவாகும். நேசநாடுகளின் வண்டிகளை ஓடச்செய்த அம்மக்களுட் பெரும்பாலோர் 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டனர் என்பது வரலாற்றின் கொடிய முரண்களுள் ஒன்று.

ஐக்கிய அமெரிக்காவில் 1942 சனவரியில் ரயர் பங்கீடு தொடங்கியது. அவ்வாண்டிலேயே நாடெங்கும் மணிக்கு 35 மைல் என்னும் வேக எல்லையும் விதிக்கப்பட்டது. பெற்றோலைச் சேமிப்பதைவிட ரயரைத் தேயாமற் காப்பதே அதன் முதன்மை நோக்கமாகும். தேய்மானம் என்பது தனிமனிதனின் செலவுக் கணக்கு என்ற நிலை மாறி, அரசின் போர்க்கணக்காகிய காலம் அது. அதேவேளை, ஸ்ரைரீனும் பியூற்றடையீனும் சேர்ந்த செயற்கை இறப்பரின் உற்பத்தி அரசின் முதலீட்டோடு முடுக்கிவிடப்பட்டது. ஜேர்மனியில் 1929 அளவில் உருவாக்கப்பட்ட முறையே அதற்கு அடிப்படையாகும். 1941 இற் சில ஆயிரம் தொன்னாக இருந்த அமெரிக்கச் செயற்கை இறப்பர் உற்பத்தி 1944 இல் 7 இலட்சம் தொன்னைத் தாண்டியது. நெருக்கடியிற் பிறந்த இம்மாற்றுப்பொருள் போரின் பின்னரும் மறையவில்லை. கார் ரயரின் வெளிப்பட்டையில் அது நிலையான இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்கான காரணம் விஞ்ஞானிகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று.

உராய்வின் இயல்பு அறியப்படல்

1950 கள் வரை ரயர் செய்தல் பெரும்பாலும் அனுபவக் கலையாகவே இருந்தது. இறப்பர் ஏன் பற்றுகின்றது, ஏன் தேய்கின்றது என்பன முறையாக அறியப்படவில்லை. 1958 இற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ரேபர், கிறீன்வுட் ஆகியோர், ஈரமான பரப்பில் இறப்பரின் உராய்வு பெரிதும் அது நசுங்கி மீளும்போது இழக்கும் சக்தியிலிருந்தே தோன்றுகின்றது எனக் காட்டினர். அஃதாவது, வீதியின் ஒவ்வொரு கற்கூரையும் தழுவி மீளும்போது உண்பதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும் இறப்பர் வழுக்கும். ஒரு பகுதியை வெப்பமாக இழந்துவிடும் இறப்பர் பற்றும். 1963 இல் கார்ள் குறோஷ் வெப்பநிலை, வேகம் ஆகியவற்றுக்கும் உராய்வுக்கும் உள்ள தொடர்பினை விரித்துரைத்தார். அடொல்வ் ஷலமக் இறப்பர் தேயும்போது அதன் மேற்பரப்பில் எழும் அலைபோன்ற வரிவடிவங்களை ஆராய்ந்தார்.

இவ்வாய்வுகள் வணிகருக்கும் வாங்குவோருக்கும் கசப்பானதோர் உண்மையை உணர்த்தின. மழையிற் பற்றுவதற்குச் சக்தியை இழக்கும் இறப்பர் வேண்டும்; எரிபொருளைச் சேமிப்பதற்கோ சக்தியை இழக்காத இறப்பர் வேண்டும். மேலும், தேயாது நின்று உழைக்கும் பொலிபியூற்றடையீன் போன்ற இறப்பர் கடுங்குளிரிலும் நெகிழ்ச்சியோடிருக்கும்; ஆனால் மழையில் வழுக்கும். மழையில் நன்கு பற்றும் இறப்பரோ குளிரில் விறைத்துவிடும். வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழிறங்கும்போது கோடை ரயரின் வெளிப்பட்டை கடினமாகத் தொடங்குகின்றது என்பது இன்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. ஆகவே எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற ரயர் என்பது விளம்பரச் சொற்றொடர் போல எளிதன்று. அது இயற்கை விதித்த எல்லைகளுக்குள் நிகழும் கடினமான பேரம்.

நீரைப் பொறுத்தவரையில் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தில் வோல்ற்றர் ஹோண் என்பார் 1960 களின் முற்பகுதியில் மேற்கொண்ட ஆய்வும் குறிப்பிடத்தக்கது. நனைந்த ஓடுபாதையில் விமானத்தின் சக்கரம் குறித்தவொரு வேகத்துக்கு மேல் நீர்ப்படலத்தின்மீது மிதந்து, தரையின் தொடர்பை முற்றாக இழக்கின்றது என்பதையும், அவ்வேகம் காற்றமுக்கத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகின்றது என்பதையும் அவர் காட்டினார். ஆழமான சால்கள் நீரை வெளியேற்றி இம்மிதப்பைத் தடுக்கின்றன. ரயர் தேயத் தேயச் சால் ஆழமற்றுப் போகின்றது. அதனோடு பாதுகாப்பும் குறைகின்றது. எனவே புதிய ரயரின் பிடிமானத்தை மட்டும் ஒப்பிடுதல் பாதி உண்மையையே கூறுவதாகும்.

ரேடியல் ரயரும் அக்குறோன் நகரமும்

பழைய முறை ரயரின் உட்கூட்டில் இழைநாண்கள் ஒன்றையொன்று சாய்வாகக் குறுக்கிட்டு அடுக்கப்பட்டிருந்தன. பிரான்சின் மிச்சலின் நிறுவனம் 1946 இல் காப்புரிமை பெற்று 1949 இல் விற்பனைக்கு விட்ட ரேடியல் ரயரில், இழைநாண்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக, ஆரைப் போக்கிற் செல்கின்றன. வெளிப்பட்டையின் கீழே உருக்குக் கம்பிகளாலான வளையம் இறுக்கிப் பிடிக்கின்றது. பக்கச்சுவர் தன்னளவில் நெகிழ, வெளிப்பட்டை அசையாது தரையிற் படிகின்றது. இதனால் உருளல் தடை குறைந்தது. ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. பிடிமானத்தையும் ஆயுளையும் ஒருசேர உயர்த்திய வகையில் இதனை ரயர் வரலாற்றின் புரட்சியெனக் கூறுதல் மிகையாகாது.

ஆயினும் அப்புரட்சி அமெரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமதித்தது. இறப்பர் நகரமென அழைக்கப்பட்ட ஒகையோ மாநிலத்து அக்குறோனிலே குட்இயர், பயர்ஸ்ரோன், குட்றிச், ஜெனரல் ஆகிய பெருநிறுவனங்கள் வேரூன்றியிருந்தன. ரேடியல் ரயரைச் செய்யப் பழைய இயந்திரங்கள் உதவா. பெருமுதலிட்டுப் புதியன வாங்கவேண்டும். மேலும், இருமடங்கு உழைக்கும் ரயரை விற்றால் மாற்று ரயரின் விற்பனை குறையும். எனவே 1967 இற் குட்இயர் நிறுவனம் பழைய சாய்நாண் உட்கூட்டின்மீது கண்ணாடியிழை வளையம் பொருத்திய இடைநிலை ரயரொன்றை முன்வைத்தது. பழைய இயந்திரங்களிலேயே அதனைச் செய்ய இயன்றது. பொருளின் தரத்தை விஞ்ஞானம் மட்டும் தீர்மானிப்பதில்லை, முதலீட்டின் நலனும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

எனினும் ஒப்பீடு தன் வேலையைச் செய்தது. 1966 இல் சியர்ஸ் நிறுவனம் மிச்சலின் செய்துகொடுத்த ரேடியல்களைத் தன் பெயரில் விற்கத் தொடங்கியது. 1968 இல் நுகர்வோர் அமைப்பொன்றின் அமெரிக்கச் சஞ்சிகை ரேடியலின் மேம்பாட்டை ஏற்றுக்கொண்டது. 1970 இல் போட் நிறுவனம் தனது உயர்தரக் கார் ஒன்றுக்கு ரேடியலையே பொருத்தியது. 1973 இன் எண்ணெய் நெருக்கடி எரிபொருட் சிக்கனத்தை மக்கள் பிரச்சினையாக்கிற்று. 1975 இல் மிச்சலின் நிறுவனம் தென் கரோலைனாவிலேயே தொழிற்சாலை திறந்தது. 1980 களின் முற்பகுதியில் அமெரிக்கக் கார்களில் ரேடியல் முற்றாக இடம்பிடித்தது. அவசரமாக மாறியோர் தவறியதும் உண்டு. பயர்ஸ்ரோன் 500 ரேடியல்களின் வெளிப்பட்டை கழன்றமையால் நேர்ந்த விபத்துக்களைத் தொடர்ந்து 1978 இல் பல இலட்சக்கணக்கான ரயர்கள் திரும்பப் பெறப்பட்டன.

இம்மாற்றத்தின் சுமை தொழிலாளர்மீதே விழுந்தது. 1936 இற் குட்இயர் தொழிற்சாலையில் நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தத்தின் மூலம் தமது உரிமைகளை நிலைநாட்டிய அக்குறோன் தொழிலாளரின் பிள்ளைகள், அத்தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படுவதைக் கண்டனர். 1980 களின் தொடக்கத்துடன் அந்நகரிற் சாதாரணக் கார் ரயர் உற்பத்தி முடிவுற்றது. 1988 இல் பயர்ஸ்ரோன் யப்பானின் பிறிட்ஜ்ஸ்ரோன் நிறுவனத்தின் உடைமையாயிற்று. நுகர்வோனுக்கு நன்மையாக அமைந்த நீண்ட ஆயுள், உற்பத்தி செய்தோனுக்கு வேலையின்மையாக அமைந்தது. மறுபுறம், ரேடியலின் உட்கூட்டுக்கும் பக்கச்சுவருக்கும் இயற்கை இறப்பர் கூடுதலாகத் தேவைப்பட்டமையால், செயற்கை இறப்பரின் முன் தளர்ந்திருந்த ஆசியத் தோட்டங்கள் புத்துயிர் பெற்றன. ஒரே மாற்றம் ஓரிடத்தில் அழிவையும் வேறோரிடத்தில் ஆக்கத்தையும் விளைவித்தவாறு இது.

எப்பருவ ரயரின் தோற்றம்

வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் ஆண்டுக்கு இருமுறை ரயர் மாற்றுதல் வழக்கமாக இருந்தது. செலவும் இடமும் நேரமும் இதற்கு வேண்டும். 1960 களில் உலோக முளைகள் பதித்த பனி ரயர்கள் பெருகி, வீதிகளை அரித்தமையால், மினசோட்டா, ஒன்ராறியோ போன்றவை 1970 களின் தொடக்கத்தில் அவற்றைத் தடைசெய்தன. முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார்கள் பெருகியமையும் பனியில் ஓடுவதை எளிதாக்கிற்று. ஆண்டு முழுவதும் ஒரே ரயர் என்னும் எண்ணத்துக்கு நிலம் பண்பட்டிருந்தது.

1977 இல் குட்இயர் நிறுவனம் ரியெம்போ என்னும் பெயரில் வெளியிட்ட ரேடியலே முதல் எப்பருவ ரயராகப் பொதுவிற் கருதப்படுகின்றது. ரேடியலின் உறுதியான வளையம், கீறல்கள் மிகுந்த வெளிப்பட்டையின் அசைவைக் கட்டுப்படுத்தியமையால், பனிக்கேற்ற கோலமும் நீண்ட ஆயுளும் ஒன்றுசேர வழி பிறந்தது. விரைவில் ஏனைய நிறுவனங்களும் இதனைப் பின்பற்றின. வட அமெரிக்கக் கார்கள் எப்பருவ ரயர் பூண்டே தொழிற்சாலையை விட்டு வெளியேறும் நிலை தோன்றிற்று.

ஆனால் பெயரளவில் எல்லாப் பருவமும் அடங்கியபோதும் செயலளவில் அவ்வாறிருக்கவில்லை. சேறும் பனியும் என்பதைக் குறிக்கும் இரண்டெழுத்து முத்திரை, வெளிப்பட்டையின் சால்களது பரப்பை மட்டுமே அளவாகக் கொண்டது. குறைந்தது நான்கில் ஒரு பங்கு வெற்றிடம் இருந்தால் முத்திரை கிடைக்கும்; பனியில் ஓட்டிப் பார்க்கவேண்டியதில்லை. இக்குறையை நீக்குமுகமாக 1999 இல் மூன்று சிகர மலையும் பனித்துகளும் கொண்ட சின்னம் அறிமுகமாயிற்று. இதனைப் பெறுவதற்கு ரயர் பனியில் உண்மையாகவே சோதிக்கப்பட்டு, குறித்த மாதிரி ரயரைவிடப் பத்துவீதமாவது மேம்பட்டிருத்தல் வேண்டும். 2008 இற் கியூபெக் மாகாணம் குளிர்காலத்தில் தனிப் பனி ரயரைக் கட்டாயமாக்கியது. எப்பருவ ரயரின் எல்லை சட்டத்தால் ஒப்புக்கொள்ளப்பட்ட நிகழ்ச்சி இதுவெனலாம். 2015 இல் மிச்சலின் வெளியிட்ட ரயரொன்று, கோடை ரயரின் அடிப்படையில் அமைந்தும் அம்மலைச் சின்னத்தைப் பெற்றமை ஐரோப்பாவில் இப்பேரத்துக்கு மீண்டும் உயிரூட்டிற்று.

அளவுகோல் யாருடையது?

கடையில் நிற்கும் வாங்குவோன் இரு ரயர்களை எவ்வாறு ஒப்பிடுவான்? இரண்டும் கரியன; இரண்டும் வட்டமானவை. அவற்றின் வேற்றுமை பல்லாயிரம் மைல்களின் பின்னரோ, மழைநாளில் ஒரே ஒரு கணத்திலோதான் வெளிப்படும். விற்பவன் அறிந்ததை வாங்குபவன் அறியான். இந்நிலையை மாற்றுமுகமாகவே 1966 இன் அமெரிக்க வாகனப் பாதுகாப்புச் சட்டம் ரயர்களுக்கு ஒருசீரான தர வரிசையை வகுக்குமாறு அரசைப் பணித்தது. இரண்டாண்டில் நிறைவேறவேண்டிய அப்பணி, நிறுவனங்களின் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் பத்தாண்டுக்கு மேல் இழுபட்டது. 1979, 1980 ஆம் ஆண்டுகளிலேயே நடைமுறைக்கு வந்தது.

இம்முறையில் மூன்று தரங்கள் உள்ளன. தேய்மானத் தரத்துக்காக ரெக்சாஸ் மாநிலத்து சான் அஞ்சலோவைச் சூழவுள்ள ஏறக்குறைய 400 மைல் வீதிச்சுற்றிற் கார்கள் அணியணியாக 7,200 மைல் ஓட்டப்படுகின்றன. உடன் ஓடும் மாதிரி ரயரின் தேய்மானம் 100 எனக் கொள்ளப்படும். 200 என்னும் தரம் அதனைவிட இருமடங்கு உழைக்கும் என்பதைக் குறிக்கும். பிடிமானத் தரம், ஈரமான தார், கொங்கிறீற் பரப்புக்களிற் சக்கரத்தைப் பூட்டி நேராக இழுத்துக் கணிக்கப்படுகின்றது. மூன்றாவது, வெப்பத்தைத் தாங்கும் தரம்.

இவ்வளவுகோலின் குறைகளும் கருதத்தக்கவை. 7,200 மைலிற் கண்டதைக்கொண்டு பல பத்தாயிரம் மைலுக்குரியது ஊகிக்கப்படுகின்றது. தரத்தை இடுபவரோ உற்பத்தியாளரே. தான் கண்டதைவிடக் குறைத்துக் கூறவும் அவருக்கு இடமுண்டு. ஆதலால் ஒரு நிறுவனத்தின் 500 உம் மற்றொரு நிறுவனத்தின் 500 உம் ஒன்றெனக் கொள்ளல் இயலாது. ஒரே நிறுவனத்தின் ரயர்களுக்கிடையிலேயே ஒப்பீடு ஓரளவு நம்பத்தக்கது. பிடிமானச் சோதனையில் வளைவிற் திரும்பும் ஆற்றலோ, பனியிலான ஆற்றலோ சேர்க்கப்படவில்லை. பனி ரயர்கள் இத்தர வரிசையிலிருந்தே விலக்கப்பட்டன. நான்கு பருவத்துக்கும் உரியதெனப்படும் ரயர் வெப்பமான ரெக்சாஸ் வீதியிலேயே தேய்த்துப் பார்க்கப்படுகின்றது.

1983 இல் அமெரிக்க அரசு, முடிவுகள் ஒருசீராக இல்லை எனக் காரணங்காட்டித் தேய்மானத் தரத்தை இடைநிறுத்தியது. நுகர்வோர் சார்பான அமைப்பொன்று வழக்குத் தொடர்ந்தது. 1984 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்விடைநிறுத்தத்தைச் செல்லாதாக்கியது. அளவுகோல் குறையுடையதாயின் அதனைத் திருத்துதல் வேண்டுமேயன்றி எறிந்துவிடுதல் தகாது என்பதே அப்போராட்டத்தின் உட்கிடை. குறையுள்ள அறிவும் அறியாமையைவிட மேலானது என்னும் கொள்கை ரயரின் பக்கச்சுவரிற் பொறிக்கப்பட்டு இன்றளவும் நிற்கின்றது.

ஐரோப்பாவில் 2012 இல் நடைமுறைக்கு வந்த விபரச்சீட்டு, எரிபொருட் சிக்கனம், ஈரப் பிடிமானம், இரைச்சல் ஆகிய மூன்றையும் காட்டியது. ஆயுள் அதில் இடம்பெறவில்லை. அமெரிக்க அளவுகோல் எரிபொருளை விடுத்து ஆயுளைச் சேர்த்தது. ஐரோப்பிய அளவுகோல் ஆயுளை விடுத்து எரிபொருளைச் சேர்த்தது. ஒவ்வொரு சமுதாயமும் தனக்கு முதன்மையாகத் தோன்றியதையே அளந்தது. அளக்கப்பட்டதையே உற்பத்தியாளர் மேம்படுத்தினர்.

தேய்ந்தது எங்கே சென்றது?

1990 களின் தொடக்கத்தில் மிச்சலின் நிறுவனத்தார் காபன் கரிக்குப் பதிலாக நுண்ணிய சிலிக்காவையும் அதனை இறப்பரோடு பிணைக்கும் சேர்வையொன்றையும் பயன்படுத்தி, உருளல் தடையைக் குறைத்தும் ஈரப் பிடிமானத்தைப் பேணியும் ஆயுளை இழக்காத வெளிப்பட்டையை உருவாக்கினர். மூன்று நலன்களுக்கிடையிலான எல்லைக்கோடு இதனாற் சற்றே நகர்ந்தது. இன்றைய எப்பருவ ரயர்களுட் பெரும்பாலானவை இம்முறையின் வழிவந்தவையே.

ஆயினும் அண்மைக் காலத்தில் வேறொரு வினா எழுந்துள்ளது. ஒன்றரை நூற்றாண்டாகத் தேய்மானம் என்பது வாங்குவோனின் இழப்பாக மட்டுமே கருதப்பட்டது. தேய்ந்த இறப்பர் எங்கே சென்றது எனப் பரவலாகக் கேட்கப்படவில்லை. 2020 இல் வெளியான ஆய்வொன்று, ரயர் வெடிக்காமலிருக்கச் சேர்க்கப்படும் காப்புப்பொருளொன்று ஓசோனோடு தாக்கமுற்று நஞ்சாக மாறி, மழைநீரோடு ஓடைகளிற் சேர்ந்து, அமெரிக்காவின் பசுபிக் கரையோரத்துச் சமன் மீன்களைக் கொல்கின்றது எனக் காட்டியது. 2024 இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய ஒழுங்குவிதி, ரயரிலிருந்து தேயும் துகளின் அளவுக்கே எல்லை விதிக்க வழிசெய்தது. ஆயுள் என்பது பையிலுள்ள பணத்தின் அளவு மட்டுமன்று, ஆற்று நீரின் தூய்மையின் அளவுமாகும் என்பது இப்போதுதான் உணரப்படுகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை தெளிவாகும். எல்லா வகையிலும் சிறந்த ரயர் என்று ஒன்று எக்காலத்திலும் இருந்ததில்லை. எப்பருவ ரயர் என்பது ஒரு பொருளின் பெயரென்பதைவிட ஒரு சமரசத்தின் பெயர் என்பதே பொருந்தும். கோடை ரயர் அளவுக்குக் கோடையிலும், பனி ரயர் அளவுக்குப் பனியிலும் அது பற்றாது; ஆனால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பூட்ட இயலாத எண்ணற்ற சாதாரண மக்களுக்கு ஆண்டு முழுவதும் அது கைகொடுத்தது. அச்சமரசத்தை வெறும் வணிக ஏமாற்றென ஒதுக்குதலும் தவறு; முழுமையான தீர்வென நம்புதலும் தவறு. குளிர் எவ்வளவு, மழை எவ்வளவு, ஓடும் தூரம் எவ்வளவு என்பனவற்றைக்கொண்டு சமரசத்தின் எந்தப் பக்கம் சாய்வது எனத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை.

அத்தேர்வுக்கு நேர்மையான அளவுகோல் வேண்டும். அளப்பவன் யார், எதனை அளந்தான், எதனை அளக்காது விட்டான் என்னும் மூன்று வினாக்களும் ரயருக்கு மட்டும் உரியனவல்ல. தோட்டத்தில் மரம் சீவியவனின் உழைப்பும், அக்குறோன் தொழிலாளியின் வேலையிழப்பும், ஓடையில் மாண்ட மீனும் எந்தத் தர வரிசையிலும் இடம்பெறவில்லை. தேய்மானத்தின் முழுக்கணக்கு இன்னும் எழுதப்படவில்லை. அதனை எழுதுதல் பொறியியலாளனின் கடமை மட்டுமன்று. வரலாற்று மாணவனின் கடமையுமாகும்.